சுத்தியலைக் கீழே வையுங்கள்: பவர் ஸ்டீயரிங் புல்லியை வீட்டில் மாற்றும் முறை

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் நின்று, “புல்லி புல்லர் இருக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். “எந்த வண்டிக்குப் புல்லி?” என்பார்கள். “புல்லி வேண்டாம், புல்லியை இழுக்கிற புல்லர் வேண்டும்” என்றால், மூன்று கால் புல்லர் ஒன்றை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் வாங்கி வந்தேன். மூன்று கால்களையும் புல்லியின், அதாவது பவர் ஸ்டீயரிங் பம்பின் முகப்பில் பெல்ட் சுற்றும் சக்கரத்தின், வெளி விளிம்பில் மாட்டி, நடுத்திருகை முறுக்கினேன். புல்லி அசையவில்லை. விளிம்பு மட்டும் சூடான எண்ணெயில் போட்ட அப்பளம்போல மூன்று இடத்தில் வளைந்து வந்தது. ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்தேன்.

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் அந்த நேரம் பார்த்துத் தெருவில் வந்தார். இரண்டு அடி விழுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, அந்த அடி புல்லிக்கு விழவில்லை, பம்புக்கு விழுகிறது” என்றார். அன்று அவர் சொன்னதை விரித்து எழுதினால் இந்தக் கட்டுரை. புல்லியைக் கழற்றுவது பலத்தால் நடக்கிற வேலையில்லை. சரியான கருவி இருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடியும்; இல்லாவிட்டால் புல்லியோடு பம்பும் போகும்.

உங்கள் வண்டியில் அது இருக்கிறதா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய ஸ்விஃப்ட், வேகன் ஆர் போன்ற சிறிய கார்களில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அங்கே ஆயிலும் கிடையாது, பம்பும் கிடையாது, புல்லியும் கிடையாது. குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா, பழைய ஸ்கார்பியோ போன்றவை ஆயில் அழுத்தத்தால் உதவும் ஹைட்ராலிக் வகை. பானெட்டைத் திறந்து ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் ஆயில் டப்பா ஒன்று தெரிகிறதா என்று பாருங்கள். அதிலிருந்து இறங்கும் தடித்த ஹோஸைப் பின்தொடர்ந்தால் பம்பில் போய் நிற்பீர்கள். பம்பின் முகப்பில் பெல்ட் சுற்றிய சக்கரம்தான் நாம் பேசும் புல்லி.

அதன் வேலை எளிது. எஞ்சினின் கிராங்க் புல்லி பெல்ட்டைச் சுற்றுகிறது, பெல்ட் இந்தப் புல்லியைச் சுற்றுகிறது, புல்லியோடு அது ஏறியிருக்கும் ஷாஃப்ட் என்ற தண்டும் சுற்றுகிறது. பம்புக்குள்ளே ஷாஃப்டின் மறுமுனையில் ஓர் உருளை. அதன் பள்ளங்களில் மெல்லிய தகடுகள். அந்தத் தகடுகள் ஆயிலை அழுத்தித் தள்ளுவதால்தான், மாசி வீதியில் இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங் ஒரு விரலில் திரும்புகிறது. அத்தகடுகளுக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடி அளவுகூட இராது. ஷாஃப்டின் முனையில் சுத்தியலால் அடித்தால் அந்த அதிர்ச்சி நேரே அங்கேதான் போகிறது.

கழற்றத்தான் வேண்டுமா?

பெல்ட் கத்தினாலே புல்லி போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளம் நெரிசலில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போதெல்லாம் என் வண்டி கீச்சென்று கத்தி, தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பெல்ட்தான் பளபளவென்று கண்ணாடிபோலத் தேய்ந்திருந்தது. பெல்ட்டை மாற்றியதும் சத்தம் நின்றது. புல்லியின் முறை அடுத்த வருடம்தான் வந்தது.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது, துணிக்கு இஸ்திரி போடுகிறவர்கள் வைத்திருக்கும் தெளிப்பானால் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சட்டென்று அடங்கிச் சில நொடிகளில் திரும்பி வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. அதற்கு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். கீச்சொலி இல்லாமல், திருப்பும்போது மாடு முனகுவதுபோல ஒலித்தால் ஆயில் குறைந்திருக்கிறது அல்லது ஆயிலில் காற்று புகுந்திருக்கிறது. கடைசி இரண்டுக்கும் புல்லியைக் கழற்றத் தேவையில்லை.

புல்லியின் குறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஞ்சினை அணைத்து விளிம்பில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு முன்னும் பின்னும் தள்ளாடினால் புல்லி கோணியிருக்கிறது, அல்லது ஷாஃப்ட் தாங்கும் இடம் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிய பின் புல்லியைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் இரண்டில் எது என்று தெரியும்: ஷாஃப்டோடு சேர்ந்து ஆடினால் பம்பே மாற்ற வேண்டியது, புல்லியை மாற்றிப் பயனில்லை. பெல்ட் ஓடும் பள்ளங்களில் விரிசல், உடைந்த விளிம்பு, ஷாஃப்டில் உட்காரும் கழுத்தில் வெடிப்பு ஆகியவை தெரிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. பம்பின் முன்பக்க ஆயில் சீல் கசிந்தாலும் புல்லி வெளியே வந்தாக வேண்டும். சில வண்டிகளில் பம்பைத் தாங்கும் போல்ட்டுகளே புல்லிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

நடுவில் என்ன தெரிகிறது?

டார்ச்சைப் பிடித்துப் புல்லியின் நடுப்பகுதியைப் பாருங்கள். அங்கே தெரிவதை வைத்தே எந்தக் கருவி வேண்டும் என்று தீர்மானிக்கலாம்.

சுற்றிலும் மூன்று அல்லது நான்கு சிறிய போல்ட்டுகள் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அவற்றைக் கழற்றினால் புல்லி கையோடு வந்துவிடும். நடுவில் ஒரே ஒரு பெரிய நட் இருந்தால், அது பல்லிட்ட ஷாஃப்டிலோ பிறை வடிவக் கீ வைத்த ஷாஃப்டிலோ உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றிய பின் லேசாக அசைத்தால் பெரும்பாலும் வரும். இந்த வகையில் ஒரே ஒரு தந்திரம்: பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நட்டை ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் புல்லி நட்டோடு சேர்ந்து சுற்றும். பிடிக்க இன்னொரு ஆள் தேட வேண்டும். கீ கழன்று மண்ணில் விழும், கவனம். அது அரை அங்குலம்கூட இராத இரும்புத் துண்டு. என்னுடையதைத் தேட, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்தேன்.

மூன்றாவது வகைதான் புதியவர்களைத் திணறடிப்பது. நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை. நடுவில் ஷாஃப்டின் முனை மட்டும் தெரியும். அதில் உள்மரை போட்ட ஒரு துளை. புல்லியின் கழுத்து முன்னால் நீண்டு, அதைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். எது இதைப் பிடித்திருக்கிறது என்று தோன்றும். ஒன்றுமே பிடிக்கவில்லை, கழுத்தின் துளை ஷாஃப்டைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சிறிதாகக் கடையப்பட்டு, அழுத்தி ஏற்றப்பட்டிருக்கிறது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. இனி எழுதுவதெல்லாம் இந்த வகைக்கு.

என்னென்ன வேண்டும்

பவர் ஸ்டீயரிங் புல்லிக்கென்றே விற்கும் கழற்றும்–மாட்டும் கருவித்தொகுப்பு ஒன்று. பெட்டிக்குள் இருப்பவை: கழுத்தின் பள்ளத்தில் கவ்வும் இரண்டு அரைவட்டத் துண்டுகள், அவை விலகாமல் மேலே ஏறும் வளையம், நடுத்திருகு, மாட்டுவதற்கான நீண்ட போல்ட்டும் பெரிய நட்டும். இணையத்தில் வாங்கலாம். வருடத்துக்கு ஒரு தடவைகூடப் பயன்படாத பொருளுக்குப் பணம் போட மனம் வராவிட்டால், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருநாள் வாடகைக்குக் கேளுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

மாட்டும் போல்ட்டின் மரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய அமெரிக்க வகைப் பம்புகள் பலவற்றில் ஷாஃப்டின் உள்மரை 3/8 அங்குலம். நம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஆக இது மூன்று நூல் போல்ட். வேறு பம்புகளில் எம்8, எம்10 என்று மில்லிமீட்டர் மரை இருக்கும். மூன்று நூல் போல்ட்டின் தடிமன் 9.5 மி.மீ.; எம்10 போல்ட்டின் தடிமன் 10 மி.மீ. எம்10 துளையில் மூன்று நூல் போல்ட்டை விட்டால் சில சுற்றுகள் லொடலொடவென்று ஏறவும் செய்யும். “ஏறுகிறதே” என்று நம்பி இழுவை கொடுத்தால் ஷாஃப்டின் மரை மொத்தமாக வழுக்கி வெளியே வரும். அதோடு பம்ப் குப்பைக்கு. எனவே எந்தப் போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஆட்டமில்லாமல், தடையில்லாமல், கடைசி வரை ஏறினால்தான் அது சரியான போல்ட்.

இவற்றோடு ராட்செட், சாக்கெட்டுகள், இரண்டு பெரிய ஸ்பேனர்கள், ஆழம் அளக்கும் வால் உள்ள வெர்னியர் அளவுகோல், நேரான ஸ்டீல் ஸ்கேல், துரு இளக்கும் ஸ்பிரே, கிரீஸ், நைஸ் எமரி தாள், பனியன் வேஸ்ட், சிறு போல்ட்டுகளைப் போட ஒரு தட்டு. கீழிருந்து கை விட வேண்டிய வண்டியாக இருந்தால் ஜாக்கியோடு தாங்கும் ஸ்டாண்டும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுக்காதீர்கள். கைலியும் தோள்துண்டுமாக இந்த வேலைக்கு இறங்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்கு எந்தத் துணி என்ற பாகுபாடு கிடையாது.

வேலைக்கு முன்

சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் காலை பத்து மணிக்கு மேல் ஸ்பேனரைக் கையில் பிடிக்க முடியாது. ஆறு மணிக்குத் தொடங்குங்கள். இரவு முழுக்க எஞ்சின் ஆறியிருக்கும் என்பது கூடுதல் வசதி. வேப்பமர நிழல் நல்லதுதான். ஆனால் பங்குனி, சித்திரையில் அதன் பூ எஞ்சினுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும், ஆயில் டப்பாவைத் திறக்கும் வேலை இருந்தால் வேறு நிழல் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இதைச் சடங்காக நினைக்க வேண்டாம். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்றும். உங்கள் கை அதற்குப் பக்கத்தில்தான் இருக்கப்போகிறது.

பெல்ட் எந்தப் புல்லியின் மேலே போகிறது, எதன் அடியில் வளைகிறது என்று கைப்பேசியில் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். “ஞாபகம் இருக்கும்” என்று நினைப்பீர்கள். இருக்காது. பிறகு டென்ஷனரை ஸ்பேனரால் சுழற்றிப் பெல்ட்டைத் தளர்த்தி எடுங்கள். ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் சட்டென்று திரும்பும், அதன் பாதையில் விரல் இருக்கக் கூடாது. தனி போல்ட்டால் இறுக்கும் பழைய வகையாக இருந்தால், பம்பின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பம்பையே எஞ்சின் பக்கம் சாய்க்க வேண்டும்.

இப்போது, எதையும் முறுக்குவதற்கு முன், வெர்னியரை எடுங்கள். ஷாஃப்டின் முனையும் புல்லிக் கழுத்தின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஷாஃப்ட் உள்ளே போயிருக்கிறதா, வெளியே நிற்கிறதா? எத்தனை மில்லிமீட்டர்? எழுதி வையுங்கள். பல பம்புகளில் இரண்டும் கால் மில்லிமீட்டருக்குள் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது சரி என்று சொல்லப்போவது இந்த அளவுதான். கழற்றிய பிறகு இதை அளக்க வழியே கிடையாது. என் நண்பர் ஒருவர் அளக்காமல் கழற்றிவிட்டு, புதிய புல்லியைக் கண்மதிப்பில் ஏற்றி, மூன்று மாதத்தில் இரண்டு பெல்ட் வாங்கினார்.

கழற்றுதல்

கழுத்தின் பள்ளத்தில் பல வருடத்து அழுக்கு கெட்டிப்பட்டிருக்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரிகளின் பின்னால் அலைந்த வண்டி என்றால் சொல்லவே வேண்டாம், சிமென்ட்போல இறுகியிருக்கும். கம்பித் தூரிகையால் பள்ளம் முழுவதையும் தேய்த்து எடுங்கள். அரைவட்டத் துண்டுகள் அழுக்கின் மேல் கவ்வினால் பாதி இழுவையில் நழுவி, கழுத்தின் உதட்டை உடைத்துவிடும். உதடு உடைந்த புல்லியைக் கழற்ற நேரான வழி எதுவும் இல்லை. ஷாஃப்டும் கழுத்தும் சேரும் இடத்தில் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்ததும் அரைவட்டத் துண்டுகளைப் பள்ளத்தில் பொருத்தி, மேலே வளையத்தை ஏற்றுங்கள். நடுத்திருகின் மரையிலும் முனையிலும் கிரீஸ் தடவி, முனை ஷாஃப்டின் நட்டநடுவில் உட்காரும்வரை கையால் முறுக்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் திருகும் ஷாஃப்டும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பிரித்து மறுபடி மாட்டுங்கள்.

ஒரு ஸ்பேனரால் கருவியின் உடலைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நடுத்திருகைச் சுழற்றுங்கள். முதல் கால் சுற்று மிகக் கனமாக இருக்கும். ஒரு கட்டத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், நெஞ்சு படபடக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இறுக்கம் விட்டுக்கொடுத்த சத்தம் அது. அதற்குப் பின் ஒவ்வொரு சுற்றுக்கும் புல்லி சிறிது சிறிதாக, ஒரே சீராக முன்னால் வரும். மெல்ல முனகும், சிலநேரம் கிரீச்சிடும். வரட்டும்.

இங்கே நடப்பதைக் கவனியுங்கள். கருவி கழுத்தை முன்னால் இழுக்கிறது, திருகு ஷாஃப்டைப் பின்னால் தள்ளுகிறது. இரண்டு விசையும் புல்லிக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. பம்பின் உள்ளே இருக்கும் தகடுகளுக்கு இந்தப் போராட்டம் தெரியவே தெரியாது. லேத் பட்டறை அண்ணன் சொன்னதன் மறுபக்கம் இதுதான். இதே காரணத்தால்தான் ஏர் கன் வைத்து நடுத்திருகை விரட்டக் கூடாது என்கிறேன். அது சுத்தியல் அடியையே நொடிக்குப் பல முறை கொடுக்கும் கருவி. கேஸ் விளக்கால் சூடு காட்டுவதும் வேண்டாம். புல்லி இளகுமோ இல்லையோ, பின்னால் இருக்கும் ரப்பர் சீல் கருகுவது உறுதி. சில புல்லிகள் இறுகிய பிளாஸ்டிக்கால் ஆனவை, அவற்றுக்குச் சூடு இன்னும் ஆகாது.

பாதி வழியில் நின்றுவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். கருவி நேராக இருக்கிறதா, பிடி நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஸ்பிரே அடித்துப் பொறுத்திருந்து முயலுங்கள்.

கருவிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடமே இல்லாத வண்டிகள் உண்டு. அங்கே பம்பின் போல்ட்டுகளைக் கழற்றி, ஹோஸ்களைப் பிரிக்காமலேயே பம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்ளலாம். அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸ்கள் அதன் எடையைச் சுமக்கக் கூடாது. ஹோஸ்களையும் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கீழே ஓர் அகலப் பாத்திரம் வையுங்கள்.

அருகருகே வைத்துப் பாருங்கள்

புல்லி வெளியே வந்ததும் ஷாஃப்டைத் துடைத்து விரலால் தடவுங்கள். நீளவாக்கில் ஆழமான கீறல் இருந்தால் புதிய புல்லியும் சரியாக நிற்காது. சிறு துருவாக இருந்தால் நைஸ் எமரியால் தேய்த்தால் போதும். அதிகம் தேய்த்தால் இறுக்கம் குறையும். சீலைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சீல் மாற்றுவதானால் அதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

பிறகு பழைய புல்லியையும் புதியதையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் அருகருகே வையுங்கள். விட்டம் ஒன்றா? பள்ளங்களின் எண்ணிக்கை ஒன்றா? இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் பார்க்காதது, கழுத்தின் முகத்திலிருந்து முதல் பள்ளம் எவ்வளவு உள்ளே தொடங்குகிறது என்பது. அதே வண்டியின் வேறு மாடலுக்கு வரும் புல்லி, எல்லா அளவும் ஒத்திருந்து இதில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் மாறியிருக்கலாம். வெர்னியரால் அளந்து, மாறுபட்டால் அன்றே கடைக்குத் திருப்புங்கள். எண்ணெய்க் கறை பட்ட பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். கடைக்குப் போகும்போதே பழைய புல்லியைப் பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.

பிளாஸ்டிக் புல்லியை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தாதீர்கள். இரும்புப் புல்லிகூட இரண்டு மூன்று தடவை கழற்றி ஏற்றினால் பிடிப்பை இழக்கும். கையால் தள்ளினாலே ஷாஃப்டில் ஏறும் புல்லி ஆபத்தானது. ஷாஃப்டில் பஞ்ச் வைத்துப் புள்ளி அடித்து இறுக்கமாக்குவது, பசை போடுவது, ஓரத்தில் வெல்டிங் பொட்டு வைப்பது என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். மலைப்பாதையில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் புல்லி பெல்ட்டோடு கழன்றால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் வளைவுகளில் ஸ்டீயரிங் திடீரெனக் கல்லாகும்.

மாட்டுதல்

ஷாஃப்டிலும் புல்லியின் துளையிலும் ஒரு சொட்டு ஆயில் மெலிதாகத் தடவுங்கள். மாட்டும் கருவியின் நட், வளையம் எல்லாவற்றையும் போல்ட்டில் கோத்து, புல்லியை ஷாஃப்டின் முனையில் நேராக வைத்து, போல்ட்டை உள்மரையில் விரலால் ஏற்றுங்கள். இங்கே அவசரம் கூடாது. போல்ட் துளையின் அடிவரை போக வேண்டும். நான்கு மரை மட்டும் பிடித்த நிலையில் இழுத்தால், முழு இழுவையும் அந்த நான்கின் மேல் விழுந்து வழித்துக்கொண்டு வந்துவிடும். புல்லியை வைப்பதற்கு முன்பே வெறும் போல்ட்டை ஏற்றி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக்கொண்டால், பிறகு சந்தேகம் வராது.

அடுத்து போல்ட்டின் தலையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் சுழற்றுங்கள். நட் புல்லியைத் தள்ளும், போல்ட் ஷாஃப்டை இழுக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பக்கவாட்டில் பாருங்கள். புல்லி கோணலாக ஏறத் தொடங்கினால் உடனே பின்வாங்குங்கள். எழுதி வைத்த அளவை நெருங்கும்போது கால் சுற்று, அளவு, கால் சுற்று, அளவு என்று போங்கள். அளவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மறுபடி இழுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் பிடிப்பைக் கொஞ்சம் தின்னும்.

பம்பைக் கழற்றி எடுத்துப் பட்டறையில் பிரஸ்ஸில் கொடுத்து ஏற்றலாமே என்று கேட்பார்கள். பிரஸ் அழுத்தும்போது அந்த விசை ஷாஃப்ட் வழியாகப் பம்பின் உடலுக்குள் இறங்குகிறது. சுத்தியல் ஒரே அடியில் செய்வதைப் பிரஸ் மெதுவாகச் செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். கருவி கிடைக்காதவர்கள் லேத் பட்டறைக்குப் போகலாம். ஆனால் பிரஸ் போடச் சொல்லாமல், நல்ல வலுவான போல்ட்டும் நட்டும் தடித்த வாஷரும் உருட்டு பேரிங்கும் வைத்து இழுக்கும் கருவி ஒன்றைச் செய்துதரச் சொல்லுங்கள். எனக்கு அந்த அண்ணன் அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தார். பணம் வாங்கவில்லை. வளைந்த புல்லியை மட்டும் வாங்கிப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டிக்கொண்டார். போகிற வருகிறவர்களுக்கு இன்றும் அதைக் காட்டுகிறார் என்று கேள்வி.

பெல்ட்டும் முதல் ஓட்டமும்

பெல்ட்டை மாட்டுவதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலை பக்கத்துப் புல்லியின் பள்ளத்தோடு சேர்த்துப் பிடித்து, இந்தப் புல்லியின் அதே பள்ளத்துக்கு நேராகப் போகிறதா என்று பாருங்கள். விளிம்புகளின் தடிமன் ஒவ்வொரு புல்லிக்கும் வேறுபடலாம் என்பதால் விளிம்பை நம்பாதீர்கள், பள்ளத்தைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் நான் பெல்ட்டை மாட்ட மாட்டேன்.

படத்தைப் பார்த்துப் பெல்ட்டைச் சுற்றி, ஒவ்வொரு வரியும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஒரு வரி வெளியே தொங்குவது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். தானியங்கி டென்ஷனர் இல்லாத பழைய ஒற்றைப் பள்ளப் பெல்ட் என்றால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 10 மி.மீ. இறங்கினால் போதும். அதைவிட இறுக்கினால் பம்பின் பேரிங் உங்களைச் சபிக்கும். பின்பு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் சுற்றும் திசையில் இரண்டு சுற்றுக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசுகிறதா?

பேட்டரியை இணைத்து, கருவிகளை எண்ணி எடுத்து வைத்த பிறகு எஞ்சினைப் போடுங்கள். பத்து நொடி ஓடவிட்டு அணைத்து, பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மறுபடி ஓடவிட்டு, தள்ளி நின்று புல்லியைப் பக்கவாட்டில் கவனியுங்கள். தள்ளாட்டம் இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கடைசி முனையில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அப்போது பம்பின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்.

ஹோஸைப் பிரித்திருந்தால் காற்றை வெளியேற்ற வேண்டும். மூடியில் எழுதியிருக்கும் அதே வகை ஆயிலை நிரப்பி, முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சினைப் போடாமல் ஸ்டீயரிங்கை முனைக்கு முனை பதினைந்து இருபது தடவை மெதுவாகத் திருப்புங்கள். டப்பாவில் குமிழ் வருவது நின்றபின் எஞ்சினைப் போட்டு மறுபடி சில தடவை. ஆயில் மோர்போல நுரைத்திருந்தால் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நெரிசலான வீதிகள் வேண்டாம். காலை நேரத்தில் அழகர்கோவில் சாலையில் கொஞ்ச தூரம் போய்வாருங்கள். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் ஷாஃப்டின் அளவை மறுபடி எடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. எழுதி வைத்த எண்ணிலிருந்து புல்லி துளி நகர்ந்திருந்தாலும் பிடிப்பு இல்லை என்று பொருள். அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் வேறு புல்லி வாங்குங்கள். எண் மாறவில்லை என்றால் வாடகைக்கு வாங்கிய கருவியின் மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, அரைவட்டத் துண்டுகள் இரண்டும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.